சிரட்டைக் கரி

திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். அதனாலேயே நாங்கள் போவதில்லை. எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரம் போகிற வழியில் தக்கலையில் இறங்கி, அரண்மனையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்த நாற்பத்தாறு வயதுக்குள் நான் போனது மொத்தமே நாலு தடவை. இது அந்த நாலாவது தடவையைப் பற்றியது. போய் வந்து ரெண்டு மாதம் ஆகப்போகிறது. அம்மா அங்கே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

முந்தைய மூன்றையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போனார்கள். அதில் நினைவிருப்பது ஊறுகாய் பரணி மட்டும். என்னைத் தூக்கி உள்ளே போட்டால் வெளியே தெரியமாட்டேன் என்று தோன்றியது. கல்யாணம் ஆன புதிதில் மனைவியோடு ஒரு தடவை போனேன். அப்போது அரண்மனையையா பார்த்தேன்! நடுவில் கல்லூரிக் காலத்தில் போனதுதான் கொஞ்சம் சூடான கதை. நாலு பேராகப் போயிருந்தோம். டிக்கெட்டைக் கையில் வாங்கினால் கேரள அரசு. அறிவிப்புப் பலகையில் மலையாளம். உள்ளே நிற்கிற ஊழியர்கள் கேரளத் தொல்லியல் துறைக்காரர்கள். எங்கள் ரத்தம் கொதித்தது. நம்ம மண்ணில் இருக்கிற கொட்டாரத்தைப் பார்க்க நாம் கேரளாவுக்குக் காசு கட்ட வேண்டுமா என்று அங்கேயே ஒரு ஊழியரிடம் சண்டைக்குப் போனோம். அவர் பாவம், "தம்பி, நான் இஞ்ச சோலிக்கு வந்தவன்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாவும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. சும்மா வரவில்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் எங்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அதற்கான போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் எல்லாம் கிடைக்காமல் போனதைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சாயக்கடையில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கிளாஸைக் கீழே வைப்பார்கள். மண் வந்தது. மண்ணின் மேல் நிற்கிற கொட்டாரம் மட்டும் வரவில்லை. கோட்டைக்குள் குடியிருக்கிறவர்கள் தமிழ்நாட்டு நகராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறார்கள். நாலு எட்டு நடந்து அரண்மனை வாசலைத் தாண்டினால் கேரள அரசு. இருபது வயதில் இதை எப்படி சும்மா விடுவது? 'யாருடைய அரண்மனை' என்று கல்லூரி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையே எழுதினேன். அந்த மலர் இப்போது கையில் இல்லாதது நல்லதுதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். நம் கையில் இருந்திருந்தால் அந்த மர வேலைப்பாடுகளுக்கு நடுவே எத்தனை காதல் ஜோடிகளின் பெயர் செதுக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

கொட்டாரத்துல நமக்கு என்ன சோலி

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பிறந்தது வேர்க்கிளம்பி பக்கம். அரண்மனையிலிருந்து அது எவ்வளவு பக்கம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அம்மா வாழ்நாளில் ஒரு தடவைகூட அரண்மனைக்குள் போனதில்லை. இது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. போன ஓணம் விடுமுறையில் மகள் ஏதோ பள்ளிக்கூட வேலைக்காக "பாட்டி, நீங்க பாலஸ் பாத்தப்ப அந்த மணி அடிச்சுதா?" என்று கேட்கப்போய்த்தான் தெரிந்தது.

அம்மா பார்த்ததெல்லாம் வெளியே. நவராத்திரிக்கு முன்னால் அங்கிருந்து சாமிகள் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புமே, அந்த ஊர்வலத்தைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். தேவாரக்கெட்டு சரஸ்வதி யானை மேல், வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கில். ராஜாவின் உடைவாளை உப்பரிகை மாளிகையில் வைத்துக் கைமாற்றுவார்கள், ரெண்டு மாநிலப் போலீசும் நின்று மரியாதை செய்யும். குழித்துறையில் ஒரு ராத்திரி தங்கல், அப்புறம் களியக்காவிளை தாண்டி அந்தப் பக்கம். அந்தச் சரஸ்வதி, கம்பர் கும்பிட்ட சரஸ்வதி என்று ஒரு ஐதீகம் உண்டு. அம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. யானைக்குப் போட்டிருந்த பட்டத்தின் பளபளப்பு மட்டும் நினைவிருக்கிறது.

"உள்ள போகணும்னு தோணினதே இல்லியா?" என்று கேட்டேன்.

"எனக்க அம்ம சொல்லுவா, கொட்டாரத்துல நமக்கு என்ன சோலின்னு. பொறவு கல்யாணம் ஆச்சு, ஒங்கள வளக்க வேண்டி இருந்துது. எப்பம் போவ?"

என் ஆச்சி அதைக் கோபத்தில் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்கிற தொனியில் சொல்லியிருப்பார். எங்கள் ஊருக்கு ராஜாவின் பெயரை வைத்து மார்த்தாண்டம் ஆக்கிய பிறகும், சாகும்வரை அவர் 'தொடுவெட்டி' என்றே சொன்னார். தொடுவெட்டிச் சந்தைக்குக் கருப்பட்டி கொண்டுபோனது, தொடுவெட்டியில் பஸ் ஏறியது என்றுதான் அவர் கதைகள் எல்லாம் தொடங்கும். பெயர் மாறிய சங்கதி தெரியாதவர் இல்லை. தன் வாயை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, அம்மாவைக் கூட்டிப் போவது என்று முடிவு செய்தோம். முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை என்பதை அரை மணி நேரத் தொலைவில் இருக்கிற நான் மறந்துபோய், நாலு பேரும் பூட்டிய வாசலில் நின்று, கோட்டைக்கு வெளியே ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம். மனைவி அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

தரை

அடுத்த சனிக்கிழமை போனோம். செருப்பை வெளியே விட வேண்டும். பூமுகத்தின் குளிர்ச்சி காலில் ஏறியதும் அம்மா ஒரு நொடி நின்றார். காவலுக்கு நின்றவர் வழக்கமான கதையைத் தொடங்கினார்: மேலே பாருங்கள், மரத்தில் 90 பூ, ஒன்றைப்போல இன்னொன்று கிடையாது; இது குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும்; இது கருங்கல் கட்டில். அம்மா கூரையைப் பார்த்ததைவிடக் கட்டிலை அதிக நேரம் பார்த்தார். "கல்லுல கெடந்தா நடு நோவாதா?" என்று என் காதில் கேட்டார். சுவரில் ஓணவில்கள் வரிசையாகத் தொங்கின. மகள் குதிரை விளக்கைத் திருப்பிக் காட்டச் சொல்லி அடம்பிடித்தாள்.

அங்கிருந்து செங்குத்தான மரப்படி. ஏறி மந்திரசாலைக்குள் நுழைந்தால் சத்தமே குறைந்துவிடுகிறது. ராஜா ஆலோசனை நடத்திய அறை. ஜன்னல்களில் பதித்த மைக்கா வழியாக வெளிச்சம் வடிகட்டி வருகிறது. அதில் கீழே தரை மின்னுகிறது. கறுப்பு. நம் முகம் மங்கலாகத் தெரிகிற கறுப்பு. மேலே தண்ணீர் நிற்கிறதோ என்று காலை வைக்கத் தயங்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு கூட்டத்துக்கு அங்கிருந்தவர் விளக்கிக்கொண்டிருந்தார்: சிரட்டையை, அதாவது தேங்காய் ஓட்டைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது, இத்தனை வருஷம் ஆகியும் பளபளப்பு போகவில்லை, இன்றைக்கு யாராலும் இப்படிச் செய்ய முடியாது.

திரும்பிப் பார்த்தால் அம்மா கீழே உட்கார்ந்திருந்தார். முட்டுவலிக்காரர், வீட்டில் தரையில் உட்காரவே மாட்டார். இடது கையை ஊன்றிக்கொண்டு வலது கட்டைவிரல் நகத்தால் தரையை லேசாகச் சுரண்டி, நகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையால் ஒரு வட்டம் போட்டுத் தடவினார். மாவு பிசையும் முன்னால் பலகையைத் துடைக்கிற மாதிரி ஒரு தடவல்.

"அம்மே, தொடல்லே" என்றார் காவலர், மரியாதையாகத்தான்.

அம்மா கையை எடுத்துக்கொண்டார். எழுந்திருக்க நான் கைகொடுத்தபோது சொன்னார்: "இது நம்ம தறதான். நாங்க சாணியில போடுவோம், இவன் சுண்ணாம்புல போட்டிருக்கான்."

அந்த அறையைவிட்டு வெளியே வந்து இடுங்கிய நடைபாதைகளில் குனிந்தும் நிமிர்ந்தும் நடக்கிற நேரம் முழுக்க அம்மா அதையே விளக்கிக்கொண்டு வந்தார். நிழல்தாங்கல், அதாவது எங்கள் அய்யா வழிக் கோயில், அதன் திருநாளுக்கு முந்தின வாரம் வீட்டுத் தரை போடுவார்களாம். சிரட்டைகளைக் குழியில் போட்டுத் தீ வைத்து, பாதி எரிகிற நேரத்தில் மண்ணள்ளி மூடிவிட வேண்டும். விட்டால் சாம்பலாகிப் போகும், கறுப்பு வராது. ஆறினதும் உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். சாணியில் அந்தப் பொடியைக் கலந்து, செம்பருத்தி இலையைக் கசக்கின வழுவழுப்பான தண்ணியை ஊற்றிக் குழைத்துப் பூசுவது. ஈரம் பாதி வற்றினதும் ஆற்றிலிருந்து பொறுக்கிவந்த உருண்டைக் கல்லால் தேய்க்க வேண்டும். தேய்ப்பது முழுக்கப் பெண்களும் பெண் பிள்ளைகளும். "எனக்க அம்ம கல்லத் தருவா. எனக்குத் தெக்குப் பக்கம், அக்காளுக்கு வடக்குப் பக்கம். யாருக்க பக்கம் மினுங்குதுன்னு அப்பா வந்து பாப்பாரு."

அந்த அப்பா, என் தாத்தா, பனையேறி. காலையில் இத்தனை பனை, சாயங்காலம் இத்தனை பனை என்று கணக்கு. அவர் இறக்குகிற அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது ஆச்சியின் வேலை. சுண்ணாம்புச் சாந்து இறுகிப் பிடிக்கக் கருப்பட்டித் தண்ணி ஊற்றுவது எங்கள் பக்கத்துப் பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்த வித்தை. எங்கள் பழைய வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கப்போய் ஆணி வளைந்ததை நானே பார்த்திருக்கிறேன். 'இன்றைக்கு யாராலும் செய்ய முடியாது' என்று அந்த மனிதர் சொன்ன தரையின் கால்வாசி ரகசியம் என் பக்கத்தில் முட்டுவலியோடு படி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆயிரம் பேர்

ஊட்டுபுரையைப் பார்த்தவர்களுக்கு அதன் நீளம் நினைவிருக்கும். சுமார் 72 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், ரெண்டு தளம். இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடியில் நிற்கிற ஆள் சின்னப் பையனாகத் தெரிகிறான். இங்கேதான் என் ஐந்தாம் வகுப்புப் பரணிகளும் இருக்கின்றன. இப்போது என் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம்தான். அங்கே காவலுக்கு நின்றவர் ஒரு அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது, கேரளப் பக்கத்து ஆள், ஆனால் தமிழ் நன்றாக வந்தது. "இது ஊட்டுபுரை. ஒரே நேரத்துல 1000 பேர் இருந்து சாப்பிடலாம். மேல 1000 பேர். ராஜா காலத்துல தெனமும் இலவசச் சாப்பாடு" என்று சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறவரோ, வாக்கியம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

மகள் கேட்டாள்: "எல்லாருக்குமா?"

"பிராமணருக்கு மோளே."

"அப்போ நமக்கு?"

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவள் தோளைப் பிடித்து அடுத்த அறைப் பக்கம் லேசாகத் தள்ளினேன். வா, நேரமாச்சு, மணிமேடை பார்க்க வேண்டாமா என்று ஏதோ சொன்னேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்ட நேரான கேள்வி. கல்லூரியில் கேரளா, தமிழ்நாடு என்று தொண்டை கிழியக் கத்தினவன் நான். என் வாயில் பதில் வரவில்லை, வெட்கம் வந்தது. எதற்கு வெட்கம் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. பின்னால் நிற்கிற கூட்டம் கேட்டுவிடுமே என்றா? அவர்களுக்கு நாங்கள் யார் என்று எப்படித் தெரியும்?

அந்த அம்மாதான் பதில் சொன்னார். ஒரு தடவை என் அம்மாவைப் பார்த்தார், ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க ஆளுகளையும் அன்னு உள்ள ஏத்தியிருக்க மாட்டாங்க மோளே" என்றார். அவ்வளவுதான். அதற்குள் ஒரு பெரிய குடும்பம் உள்ளே வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து, அதே வழுவழுப்பான குரலில், "இது ஊட்டுபுரை. ஒரே நேரத்துல 1000 பேர் இருந்து சாப்பிடலாம்" என்று ஆரம்பித்தார்.

ஐந்தாம் வகுப்பில் சுற்றுலா முடிந்து வந்து எழுதிய கட்டுரையில் 'அரசர் தினமும் ஆயிரம் பேருக்கு உணவளித்தார்' என்று நானும் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் அந்த வரியின் கீழே கோடு போட்டு 'நன்று' என்று எழுதியிருந்தார். எழுதிய எனக்கும் கோடு போட்ட அவருக்கும் அந்த ஆயிரம் பேர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. திருவிதாங்கூர் முழுக்க ஊட்டுபுரைகள் இருந்தன. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரம் பத்மநாப சாமி கோயிலில் 56 நாள் முறைஜபம் என்று வேதம் ஓதுவது நடக்கும், அதற்குத் தனி விருந்து. அரிசி எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா? பனையேறுகிற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுகிற தளைக்குத் தளைக்காணம், அப்புறம் தலைவரி. இதுபோக ஊழியம், அதாவது கூப்பிட்டால் போக வேண்டும், கூலி கேட்கக் கூடாது. தர்மராஜா என்ற திருவிதாங்கூர் ராஜா காலத்தில் தலைநகரம் பத்மநாபபுரத்தைவிட்டுத் திருவனந்தபுரம் போன பிறகும் இவை எதுவும் கூடவே எழுந்து போய்விடவில்லை.

ஊட்டுபுரையிலிருந்து சுற்றி உப்பரிகை மாளிகைக்கு வந்தோம். நாலு நிலை. மேல் நிலை பத்மநாப சாமிக்கு. 64 வகை மூலிகை மரத்தால் செய்ததாகச் சொல்லும் கட்டில் இங்கேதான். அம்மா முட்டியைக் காட்டி ஏறமாட்டேன் என்றார், கீழேயே நின்றார். என் முன்னோர்களுக்கு ஒரு நிலைக்கு மேல் வீடு கட்ட அனுமதி இல்லை. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்க நகை கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. எங்கள் பெண்கள் தோளை மறைக்கிற துணிக்காக 1822-இல் தொடங்கிய அடிதடி 1859-இல்தான் ஒரு அறிவிப்பில் வந்து நின்றது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி. இதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி கிடையாது. பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் கீழே நின்றுகொண்டிருந்த அம்மா, தண்ணீர் பாட்டிலைக் குடம் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றதை மேல் ஜன்னல் அழி வழியாகப் பார்த்தபோது, அந்தத் தடைகளில் குடத்தைப் பற்றி ஒன்று இருந்ததே என்பது முதல் தடவையாக உறைத்தது. அதை நினைத்துச் சட்டம் போட்டவன் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்க வேண்டும்! ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்தால் நடையில் ஒரு வளைவு வரும். அதுவும் கூடாது என்றிருக்கிறான்.

நவராத்திரி மண்டபத்தில் கல்தரை. அதுவும் கண்ணாடிதான். ராஜகுடும்பத்துப் பெண்கள் மறைந்து உட்கார்ந்து ஆட்டம் பார்க்க மரச்சட்டத்தில் ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு ஓட்டைதான் கிடைத்திருக்கிறது என்று மனைவி சொன்னாள். அன்றைக்கு முழுக்க அவள் சொன்னதிலேயே கூர்மையான வார்த்தை அது. நான் அதற்கும் பதில் சொல்லவில்லை.

சோறு

வெளியே வரும்போது மணி இரண்டு. மணிமேடைக் கடிகாரம், 300 வருஷம் பழையது என்கிறார்கள், இன்னும் ஓடுகிறது. எங்களுக்குப் பசி. தக்கலை போய் ஒரு சாதாரண ஓட்டலில் உட்கார்ந்தோம். வாழையிலை, சம்பா அரிசிச் சோறு, மீன் கறி, மரச்சீனிக் கிழங்கு. வியர்த்துக் கொட்டுகிற கூட்டம். அம்மா பக்கத்தில் யாரோ ஒருத்தர், எதிரே யாரோ மூன்று பேர், பெஞ்சில் இடித்துக்கொண்டு. மகள் சாப்பிடாமல் சுற்றிமுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டால், "முப்பத்தெட்டு பேர்ப்பா" என்றாள். எண்ணியிருக்கிறாள்.

அம்மா வீட்டு வழியில் எல்லாரும் அய்யா வழிக்காரர்கள். சாமித்தோப்பில் வைகுண்டர், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்து ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வைத்தது, தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடு என்று சொன்னது, அதற்காக ராஜா அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தது எல்லாம் அம்மாவுக்கு வீட்டுக் கதை மாதிரி. அந்த வழியில் ராஜாவைச் சொல்கிற சொல்லே 'கலிநீசன்'. சின்ன வயதில் நிழல்தாங்கலில் உம்பான் தர்மம் வாங்க இலையோடு நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தச் சோற்றுக்கும் அந்த 72 மீட்டர் ஊட்டுபுரைக்கும் ஏதோ சண்டை இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. சோறு குழைவாக இருக்கும், கை சுடும், அதுதான் தெரியும்.

"கொட்டாரம் எப்படிம்மா?" என்று இலையை மடிக்கிற நேரத்தில் கேட்டேன்.

"நல்லா இருக்கு. ஆசாரிமாரு கை வேலையில்லா அது" என்றார்.

அதில் பழைய கணக்கு எதுவும் தொனிக்கவில்லை. எனக்குத்தான் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பூமுகக் கூரையைப் பார்த்து வாய் பிளக்காமல் இருக்க என்னால் முடியாது. நாளைக்கு வெளியூர் நண்பன் வந்தால் இழுத்துக்கொண்டு போவேன், இரும்பையும் கல்லையும் நம்பாமல் மரத்தில் இப்படி ஒரு வீட்டைக் கட்டினவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் என்று பெருமையாகச் சொல்வேன். ஊட்டுபுரைக்கு வரும்போது மட்டும் என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

பத்து நாளுக்கு முன்னால் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. பத்மநாபபுரம் கொட்டாரத்தைத் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும், உண்மைத் தமிழனாக இருந்தால் இருபது பேருக்கு அனுப்பு. அனுப்பியது அந்தக் கல்லூரி நால்வரில் ஒருவன். இருபது வயது நானாக இருந்தால் இருநூறு பேருக்கு அனுப்பியிருப்பேன். கோரிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை, அரசாங்கங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு நினைவுக்கு வந்தது மந்திரசாலைக் காவலர்தான். அரண்மனை நம்மிடம் வந்தால் அந்த இடத்தில் நம் ஆள் ஒருவர் நிற்பார். அம்மா குனிந்து தரையைத் தொட்டால் அவர் சுத்தமான தமிழில், "தொடாதீங்கம்மா" என்பார். செய்தியை அழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அது அங்கேயே கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புறக்கடைப் பக்கம் புகை வந்தது. அம்மாவும் மகளும் ஒரு குழி தோண்டிச் சிரட்டைகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் முழுக்க டைல்ஸ். புறக்கடையில் விறகடுப்புக்கு முன்னால் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மண் தரை உண்டு. சாணி நாலு வீடு தள்ளிக் கேட்டு வாங்கியது. உரல் இல்லாததால் கரியை மிக்ஸியில் அரைத்துவிட்டார்கள். மனைவி அந்த மிக்ஸி ஜாரை இன்னும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. ஆற்றுக் கல்லுக்கு மீன் தொட்டிக் கல். மகள் முட்டிபோட்டு ரெண்டு மணி நேரம் தேய்த்தாள். சாயங்காலம் பார்த்தால் சில இடத்தில் கறுப்பு, சில இடத்தில் சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு விரிசல்.

"பாட்டி, பாலஸ் மாதிரி மினுங்கவே இல்ல" என்றாள்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "கல்லு சரியில்ல. நாளைக்கு ஒங்கப்பன ஆத்துக்கு அனுப்பு" என்றார்.